பறக்காத விமானமும் அறுந்த நூலும்

கல்லூரிப் பட்டிமன்றம் ஒன்றுக்கு நடுவராக அழைத்திருந்தார்கள். தலைப்பு: ‘முன்னோரின் தொழில்நுட்பத்தை இழந்தோமா, மறந்தோமா?’ அணிக்கு மூவர். ஆறு பேரில் நான்கு பேர் மாணவிகள். ஒன்றரை மணி நேரத்தில் புஷ்பக விமானம் நான்கு முறை மேலெழுந்தது. சுஸ்ருதரின் மூக்கறுவை, டமாஸ்கஸ் வாள், தில்லி இரும்புத்தூண், கல்லணை, தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கல், கடைசியில் குமரிக்கண்டம். கைதட்டலுக்குக் குறைவில்லை. நான் ஒவ்வொன்றையும் தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். முடிவில் பார்த்தால் பறப்பது இருந்தது, வெட்டுவது இருந்தது, நீரைத் தடுப்பது இருந்தது. ஒரு பெண்ணின் கை செய்ததாக நாம் அறிந்த எதுவும் அந்தத் தாளில் இல்லை. பேசிய நான்கு மாணவிகளும் அன்று பருத்திப் புடவை உடுத்தியிருந்தார்கள்.

தீர்ப்புச் சொல்ல எழுந்தபோது இதைச் சொன்னேன். ‘மேடம் பெண்ணியத்த ஆரம்பிச்சுட்டாங்க’ என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது மேடைவரை கேட்டது. சபை சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, இரு அணிக்கும் வலிக்காத ஒரு தீர்ப்பைச் சொல்லி இறங்கிவிட்டேன். அந்தக் கோழைத்தனத்துக்கு ஈடாக இதை எழுதுகிறேன்.

விமானத்தை முதலில் தரையிறக்கிவிடலாம். 2015 சனவரியில் மும்பையில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டிலேயே வேதகால விமானங்கள் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் ‘வைமானிக சாஸ்திர’த்தை 1974-லேயே பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஐந்து பேர் வரிக்கு வரி ஆராய்ந்துவிட்டார்கள். அந்நூல் 1904-க்கு முற்பட்டதாக இருக்க முடியாது, அதில் சொல்லப்பட்ட எந்த ஊர்தியும் பறக்காது என்பது அவர்கள் முடிவு. நாற்பதாண்டு கழித்தும் அது மேடையேறுகிறது என்றால், வாதத்துக்கு அங்கே வேலையில்லை. பறந்திருக்க வேண்டும் என்ற ஆசைதான் வேலை செய்கிறது. அந்த ஆசைக்கு வடக்கு தெற்கு கிடையாது. நம் ஊரில் அதற்குக் கடல்கொண்ட கண்டம் ஒன்று இருக்கிறது.

மூக்கறுவை அப்படியில்லை, அது மெய். கன்னத்துத் தோலை இலை வைத்து அளந்தெடுத்து மூக்கில் பொருத்தி, மூச்சு விட ஆமணக்குக் குழல் செருகும் முறை சுஸ்ருத சம்ஹிதையில் இருக்கிறது. அது இழக்கப்படவும் இல்லை. 1794-இல் லண்டனில் வெளியான ‘ஜென்டில்மேன்ஸ் மேகசீன்’ இதழில் புனாவுக்கு அருகே நடந்த அப்படியொரு சிகிச்சை பற்றிய கடிதம் படத்தோடு வந்தது. அங்கே தோல் எடுத்தது நெற்றியிலிருந்து. அதைச் செய்தவர் செங்கல் அறுக்கும் சாதிக்காரர் என்று கடிதம் சொல்கிறது. சிகிச்சை பெற்றவர் பெயர் காவஸ்ஜி என்று இருக்கிறது. செய்தவருக்குப் பெயர் இல்லை. நம் மேடைகளில் அந்தச் செங்கல்காரர் வருவதே இல்லை. சுஸ்ருதர் மட்டும்தான் வருகிறார்.

இன்னொன்றையும் நாம் கேட்பதில்லை. மூக்கு வைக்கும் கலை இவ்வளவு வளரும் அளவுக்கு அந்த ஊரில் யார் யாருக்கு மூக்குப் போய்க்கொண்டிருந்தது? காவஸ்ஜி போரில் பிடிபட்டவர். ஆனால் அர்த்தசாஸ்திரத்தைப் புரட்டுங்கள். கணவன் ஊரில் இல்லாதபோது பிறனோடு கூடிய மனைவியைக் கணவன் பொறுக்காவிட்டால், அவள் காதும் மூக்கும் அறுபட வேண்டும். சூர்ப்பனகையை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? மூக்கு ஒட்டிய பெருமையை மேடையில் ஒரு மாணவி மூச்சுவிடாமல் பேசும்போது, மூக்கறுத்த கத்தியும் அதே பாரம்பரியத்தின் பெட்டியில்தான் கிடக்கிறது என்று யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அன்று நான் அங்கேதான் இருந்தேன். சொல்லவில்லை.

சரி, உண்மையாகவே தொலைந்த ஒரு தொழில்நுட்பத்தைப் பேசுவோம். டாக்கா மஸ்லின்.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற வணிகக் கையேடு கங்கைக் கரையின் மெல்லிய துணிகளைச் சொல்கிறது. அதே கையேடு நம் பக்கத்து அர்காரு என்ற ஊரின் மஸ்லினையும் சொல்கிறது. அர்காரு உறையூர்தான் என்று ஆய்வாளர் பலரும் கொள்கிறார்கள். அந்த நூற்றாண்டிலேயே ரோமில் பிளினி, ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்டர்ஸ் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் அரேபியாவுக்கும் போகிறதே என்று புலம்பினார். நம் ஆடம்பரமும் நம் பெண்களும் நமக்கு வைக்கும் செலவு இவ்வளவு என்பது அவர் கணக்கு. வாங்கி உடுத்திய பெண்கள் அவர் கணக்கில் வந்துவிட்டார்கள். அந்தச் செல்வம் எந்தக் கைகளுக்கு விலையாக வந்தது என்று அவர் கேட்கவில்லை. ரோமத் தங்கம் தமிழகத்தில் குவிந்ததென்று பெருமைப்படும் நாமும் கேட்கவில்லை.

டாக்கா மஸ்லின் எப்படி உருவானது என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அங்கு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் டெய்லர் எழுதிவைத்திருக்கிறார். மேக்னா ஆற்றங்கரைகளில் விளைந்த பூட்டி கார்பாஸ் என்ற பருத்தி. அதன் தாவரவியல் பெயரில் ‘நெக்லெக்டா’ என்றொரு சொல் இருக்கிறது. லத்தீனில் ‘கவனியாது விடப்பட்டது’ என்று பொருள். பெயர் வைத்தவர் நான் நினைப்பதை நினைத்து வைத்திருக்கமாட்டார். அந்தப் பருத்தியின் இழை குட்டையானது. குட்டை இழையை நுண்மையாக முறுக்கினால் அறுந்துபோகும். அறாமல் முறுக்கியதுதான் தொழில்நுட்பம். அது முழுக்கப் பெண்கள் கையில் இருந்தது.

பஞ்சைச் சீவ அவர்கள் கையாண்ட சீப்பு, வங்காளிகள் போவால் என்றழைக்கும் வாளைமீனின் தாடையெலும்பு. அதன் நெருக்கமான சிறு பற்களில் தூசும் முரட்டு இழையும் தங்கிவிடும். பிறகு சின்ன மூங்கில் வில்லால் பஞ்சு கொட்டி, அழுக்குப் படாமல் விலாங்கு போன்ற குச்சியா மீனின் வழவழத்த தோலில் சுருட்டி வைப்பார்கள். கதிர் என்பது மெல்லிய இரும்பு ஊசி, அதில் சுடாத மண் உருண்டை ஒன்று. கதிரின் முனை களிமண்ணில் பதித்த கிளிஞ்சல் துண்டின்மேல் நின்று சுழலும். தக்களியைத் தொங்கவிட்டுச் சுற்றினால் அதன் எடையே நுண்ணிழையை அறுத்துவிடும். கிளிஞ்சல் அந்த எடையைத் தாங்கிக்கொண்டது. நேரமும் கருவிதான். விடிந்ததிலிருந்து பனி உலரும்வரை, பிறகு சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின். காற்றில் ஈரம் இருந்தால்தான் இழை நீளும். வறண்ட நாளில் அகன்ற ஏனத்தில் நீர் வைத்து அதன்மேல் நூற்றார்கள். பதினெட்டிலிருந்து முப்பது வயதுவரையுள்ள பெண்களின் நூலே மிக நுண்ணியது என்கிறார் டெய்லர். ஒரு பெண் மாதம் முழுவதும் தன் காலைப்பொழுதுகளைக் கொடுத்தால் கிடைக்கும் மிக நுண்ணிய நூல் ஏறக்குறைய அரைத் தோலா. ஆறு கிராம்கூட இல்லை.

பொருளின் இயல்பு, ஈரப்பதம், எடை, உராய்வு எல்லாம் இதில் இருக்கின்றன. இதை ஓர் ஆண் ஓலையில் எழுதி, ஒரு முனிவர் பெயரை அதன் தலையில் வைத்திருந்தால், இன்று நூறு பட்டிமன்றங்களில் அது பறந்துகொண்டிருக்கும். எழுதப்படவில்லை. தாயின் விரலிலிருந்து மகளின் விரலுக்குப் போனது. அதனால் அதற்கு ‘கைவேலை’ என்று பெயர் வந்தது. முகலாய அரண்மனை அந்தத் துணிக்கு ஷப்னம் என்று பெயரிட்டு மகிழ்ந்தது. பனி என்று பொருள். உடுத்தியவர்களுக்குப் பனி உவமை. நூற்றவளுக்கு அது உலர்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை.

இது எப்படித் தொலைந்தது? கேட்டதும் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்வார்கள்: வெள்ளைக்காரன் நெசவாளிகளின் கட்டைவிரலை வெட்டினான். கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடுமையை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் கம்பெனியில் இருந்து அதற்கே எதிரியான வில்லியம் போல்ட்ஸ் 1772-இல் எழுதியது வேறு. பட்டுநூல் சுற்றுபவர்கள், கட்டாயவேலையிலிருந்து தப்பத் தங்கள் கட்டைவிரலைத் தாங்களே வெட்டிக்கொண்டார்கள் என்கிறார் அவர். அது இதைவிடக் கொடியது. வாய்மொழியில் அது மாறி, வெட்டியவன் வெள்ளைக்காரன் ஆனான், வெட்டுண்டவன் தறியில் அமர்ந்த ஆண் ஆனான். தேசத்தின் துயரத்துக்கு ஓர் உடல் தேவைப்பட்டபோது நெசவாளியின் உடல் கிடைத்தது. அவன் தறிக்கு நூல் கொடுத்த பெண்ணின் விரல்களை யாரும் வெட்டவில்லை. அவை சும்மா கிடக்கும்படி ஆயின. சும்மா கிடக்கும் விரலைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டுவதில்லை.

ஆனால் அவர்களில் ஒருத்தி எழுதியிருக்கிறாள். டாக்காவின் நுண்ணிழை நூற்றவள் அல்ல அவள். சாந்திபூரில் சாதாரண நூல் நூற்ற கைம்பெண். 1828-இல் ‘சமாச்சார் தர்ப்பண்’ என்ற வங்காளி இதழில் அவள் கடிதம் வந்தது. நூறாண்டு கழித்து 1931-இல் காந்தி அதைத் தம் ‘யங் இந்தியா’வில் எடுத்துப் போட்டார். பெயர் இல்லை. துயருற்ற ஒரு நூற்பவள், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வயதில் மூன்று பெண்குழந்தைகளோடு தாலியறுத்தவள். கணவன் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. வீட்டுவேலை முடித்து நடுப்பகல்வரை ராட்டையில், பிறகு தக்களியில் என்று நூற்றாள். நெசவாளிகள் வீடுதேடி வந்து ரூபாய்க்கு மூன்று தோலா என்று வாங்கிப் போனார்கள். கேட்டபோது முன்பணமும் கொடுத்தார்கள். அந்த வருமானத்தில் மூன்று பெண்களையும் முறைப்படி கட்டிக்கொடுத்தாள். மாமனார் இறந்தபோது நாற்பத்துநான்கு ரூபாய் செலவழித்துக் காரியம் செய்தாள். பிறகு நெசவாளிகள் வருவது நின்றது. சந்தைக்கு அனுப்பினால் பழைய விலையில் கால்பங்குகூடத் தேறவில்லை. விசாரித்தாள். விலாயத்து நூல் வந்திருக்கிறது என்றார்கள்.

அவள் என்ன நினைத்தாள் தெரியுமா? இவ்வளவு மலிவாக நூலை விற்க வேண்டியிருக்கிறதே, கடல் கடந்து அனுப்ப வேண்டியிருக்கிறதே, அந்த ஊர்ப் பெண்கள் என்னைவிடப் பாவப்பட்டவர்களாக அல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்தாள். என்னைவிடத் துயருற்றவர்கள் இருக்கிறார்கள் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். கடிதத்தின் முடிவில் முறையிடுவதும் அந்தப் பெண்களிடமே: இங்கே நூல் அனுப்புவது நியாயமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அங்கே ஆலைக்குள் நூற்றது இயந்திரம் என்பது அவளுக்குத் தெரியாது. நூல் என்றால் எதிர்முனையில் ஒரு பெண் இருப்பாள் என்பது மட்டும் தெரியும். அந்த நூலின் தரத்தையும் அவள் சொல்லாமல் விடவில்லை: இந்தத் துணி இரண்டு மாதம்கூடத் தாங்காது. நான் பலமுறை வாசித்த கடிதம் இது. வகுப்பில் வாசிக்கும்போது இந்த இடத்தில் மட்டும் குரல் சரியாக வருவதில்லை.

கவனியுங்கள், இவள் வறுமையில் வாடி நூற்றவள் மட்டும் அல்லள். மூன்று திருமணங்களையும் ஒரு சாவையும் தன் கணக்கில் நடத்தியவள். தொழில்நுட்பம் தொலைவது என்றால் அருங்காட்சியகத்தில் ஒரு பொருள் குறைவது என்று நினைக்கிறோம். இங்கே தொலைந்தது ஒரு கைம்பெண் யாரிடமும் கையேந்தாமல் வாழ்ந்த வழி.

இப்போது என் துறைக்கு வருகிறேன். தமிழ் படித்தவர்கள் இதில் நல்ல பிள்ளைகள் அல்லர். மலைமேல் தவழும் மேகத்துக்கு உவமை தேடிய கபிலர், ஆண்துணை இல்லாத பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய பஞ்சைக் கண்டார், நற்றிணை 353. அங்கிருந்து சாந்திபூர்க் கைம்பெண்வரை ஒரே இழை ஓடுவதாக எனக்குப் படுகிறது. வகுப்பில் நாம் என்ன செய்கிறோம்? ‘மேகத்துக்கு உவமை யாது?’ இரண்டு மதிப்பெண். புறநானூறு 326-இல், பருத்திப் பெண்டு இரவில் எழுந்து செத்தையைப் புடைக்கிறாள். காட்டுப்பூனைக்கு அஞ்சி அலறிய கோழி, அவளுடைய சிறுவிளக்கின் ஒளியில் சேவலைக் கண்டு அமைதியாகிறது. கோழியைப் பற்றிப் பக்கம் பக்கமாக நயம் பாராட்டுவோம். அந்நேரத்தில் அவள் ஏன் தூங்கவில்லை என்று கேட்கமாட்டோம்.

இதெல்லாவற்றையும்விட என்னைக் கடித்தது நன்னூல். பவணந்தி 13-ஆம் நூற்றாண்டில், நூல் என்ற சொல்லுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்று ஓர் உருவகம் கட்டுகிறார். சொற்கள் பஞ்சு, செய்யுள் இழை, புலவனின் வாய் கை, அவன் அறிவு கதிர். புலவன் யார்? நூற்கும் பெண். எவ்வளவு அழகு! இலக்கணம் எழுதியவருக்கு அவள் வேலையில் அறிவு இருப்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் தம் வேலையை விளக்க அவளிடம் போனார். உருவகம் முடிந்ததும் புலவன் புலவனாகவே எழுந்து போனான். அவள் பஞ்சோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். நான் முனைவர் பட்டம் வாங்கும்வரை இந்த நூற்பாவைப் பலமுறை எழுதியும் ஒப்பித்தும் இருக்கிறேன். ஒரு தடவைகூட அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை.

கீழடியிலும் இதே கதைதான். எழுத்துப் பொறித்த பானையோட்டின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டா என்று தொலைக்காட்சிகளில் தொண்டை கிழியப் பேசினோம். ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தெருவில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். அதே குழிகளில் தக்களிகள் கிடைத்தன, நெசவில் பயன்பட்ட எலும்பு முனைகள் கிடைத்தன, தறியில் தொங்கவிடும் கல் கிடைத்தது. எழுத்து நாகரிகத்தின் சான்று. தக்களி ‘பிற பொருட்கள்’. ஓட்டில் பெயர் கீறிய ஆதன் அப்போது என்ன உடுத்தியிருந்தான்?

என்னோடு சண்டைக்கு வரப்போகும் தோழிகளை எனக்குத் தெரியும். ‘கண் கெடும்வரை நூற்ற அடிமைத்தனத்தைப் பொற்காலமாக்குகிறாயா? எங்களை மறுபடி திண்ணையில் உட்காரவைத்து தக்களி கொடுக்கப் போகிறாயா?’ நியாயமான கேள்வி. முப்பது வயதுக்குமேல் அந்த நுண்ணிழை நூற்க முடியாது என்றால், கண்ணைக் கொடுத்துத்தான் அந்தத் துணி வந்தது. உலகின் பழைய நெசவுக்கூடங்களும் சொர்க்கமாக இருந்ததில்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முன் தெற்கு மெசபடோமியாவில், ஊர் நகரத்து மூன்றாம் அரசமரபின் காலத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் நெசவுக்கூடங்களில் உழைத்தார்கள். களிமண் பலகைகளில் அவர்களுடைய படி எழுதியிருக்கிறது. ஓர் ஆணுக்கு மாதம் 60 சீலா பார்லி என்பது வழக்கம், பெண்ணுக்கு 30. சீலா என்பது ஏறக்குறைய ஒரு லிட்டர். உலகின் முதல் நாகரிகம் என்று நாம் பாடம் நடத்தும் இடத்தில், நூற்பும் நெசவும் அரைப்படி அறிவு.

பின்னாளில், வடக்கே அசூர் நகரத்திலிருந்து வணிகர் வீட்டுப் பெண்கள் நெய்து அனுப்பிய துணிகள் கழுதைமேல் ஏறி, இன்றைய துருக்கியிலுள்ள கானேஷ் நகருக்குப் போயின. அவர்களின் கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. கணவன் பூஷு-கேனுக்கு லமாசி எழுதுகிறாள். வாக்குர்த்தும் என்ற பெண்ணுக்கு ஒரு வணிகர் எழுதுகிறார்: துணியின் ஒரு பக்கத்தைச் சீவ வேண்டும், மயிர் கத்தரிக்கக்கூடாது, நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும், நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு. இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. காசு புழங்கிய இடத்தில், எழுத்தும் அவர்கள் கையில் இருந்த இடத்தில், அந்தப் பெண்கள் பெயரோடு மிஞ்சியிருக்கிறார்கள். தமிழில் அப்படி ஒரு கடிதம் எங்கே?

ஆகவே தோழிகளுக்கு என் பதில்: தக்களியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. அதைச் சுற்றியவளை ‘உழைத்தாள்’ என்று மட்டும் எழுதுவதை நிறுத்துங்கள் என்கிறேன். நாமும் அதைத்தான் செய்துவந்திருக்கிறோம். பெண்ணின் உழைப்பைப் பேசினோம், சுரண்டலைப் பேசினோம். அவளுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதைக் குறைவாகவே பேசினோம். அறிவை அவர்களிடமே விட்டுவிட்டு வலியை மட்டும் நாம் வாங்கிக்கொண்டோம்.

வங்கதேசத்தில் மஸ்லினைத் திரும்ப நெய்யும் முயற்சி நடந்தது. லண்டன் அருங்காட்சியகத்திலிருந்த பழைய துணியின் மரபணுவோடு ஒப்பிட்டு, அந்தப் பருத்திச் செடியைத் தேடிப் பிடித்தார்கள். ஆய்வகம் தன் வேலையைச் செய்தது. 2020-இல் டாக்கா மஸ்லினுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் பஞ்சு கிடைத்தபின் எல்லாம் ஓரிடத்தில் நின்றுபோனது. அந்தக் குட்டை இழையிலிருந்து 500-ஆம் நம்பர் நூலை எந்த ஆலையும் நூற்றுக் கொடுக்கவில்லை. நம் நல்ல கைத்தறிப் புடவையில் ஓடுவது 80-ஆம் நம்பர், 100-ஆம் நம்பர் நூல் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கிராமத்துப் பெண்களைத்தான் தேடிப் போனார்கள். கையால், விரல்களைப் பழக்கி, அறுந்து அறுந்து, மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது. இருநூறாண்டுக்கு முன் கைவிடப்பட்ட வகுப்பு அது.

பட்டிமன்றக்காரர்கள் அடுத்த ஆண்டுக்கும் என்னைக் கேட்டார்கள். ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன். தலைப்பை நான் தருவேன் என்றேன். ‘மஸ்லினைத் தொலைத்தது யார்?’ என்று எழுதி அனுப்பினேன். இரண்டு நாளில் பதில் வந்தது. தலைப்பு நன்றாக இருக்கிறதாம். ஆனால் அதில் இரண்டு அணி பிரிக்க முடியவில்லையாம். வேறு ஏதாவது, விமானம் மாதிரி, இருந்தால் அனுப்பச் சொன்னார்கள்.